கிரேன் ஓட்டுகிற பாப்பா

ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருந்தால் அவளுக்கு எப்போதும் ஒரே கூத்துதான். நர்ஸ் கதவைத் திறந்து, "பாப்பா யாரு? பாப்பாவைத் தூக்கிட்டு வாங்க" என்பாள். கூட்டத்துக்குள்ளிருந்து நாற்பதைத் தாண்டிய, வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரத்தில் ஒரு பெண் வந்து நிற்பாள். நர்ஸ் அவள் இடுப்பைப் பார்ப்பாள், தோளைப் பார்ப்பாள், பின்னால் யாராவது குழந்தையோடு வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பாள்.

"நான்தான் பாப்பா."

"அது சரிங்க, உங்க முழுப் பேரு?"

"முழுசே அவ்வளவுதான்."

பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரில் ஒட்டியிருக்கும் தடுப்பூசி விளம்பரத்தைப் படிக்க ஆரம்பிப்பார்கள். காய்ச்சலோடு வந்தவளுக்குக் கோபமும் சேர்ந்து ஏறும்.

செல்லப் பெயர் இல்லாத வீடு ஏது? அவளுடைய அக்காவை வீட்டில் சில்லு என்றும் அண்ணனை மொட்டை என்றும்தான் கூப்பிட்டார்கள். ஆனால் அவர்களுக்கு வாசலைத் தாண்டும்போது மாட்டிக்கொள்ள நல்ல சட்டை மாதிரி ஒரு பெயர் தனியாக இருந்தது. இவளுக்கு உள்ளேயும் அதே, வெளியேயும் அதே. பள்ளிக்கூட வருகைப் பதிவில் பாப்பா, வேலைக்கான அடையாள அட்டையில் பாப்பா, கல்யாணப் பத்திரிகையிலும் பாப்பா. பத்திரிகையைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அச்சகத்தில் ஏதோ விட்டுப்போய்விட்டது என்று போன் செய்தார்கள்.

இத்தனைக்கும் காரணம் அவள் அப்பா. மனிதர் பஸ் டிரைவர். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாதவர். அதனால்தான் அவரைத் திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. மூன்றாவதாக இவள் பிறந்தபோது பெரியப்பா ஒரு பெயரைச் சொன்னார், தாய்மாமன் வேறொரு பெயரைச் சொன்னார். பெரியப்பா சொன்னதை வைத்தால் மாமா படியேற மாட்டார். மாமா சொன்னதை வைத்தால் பெரியப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். குழந்தை தவழ ஆரம்பித்த பிறகும் பஞ்சாயத்து தீரவில்லை. பதிவு செய்ய வேண்டிய கெடு முடிகிற அன்று, டிப்போவுக்குப் போகிற வழியில் அப்பா பிறப்புப் பதிவு அலுவலகத்தில் இறங்கினார். கவுண்டரில் இருந்தவர் குழந்தையின் பெயரைக் கேட்டார். பின்னால் வரிசை முணுமுணுத்தது, வண்டி எடுக்க நேரமாகிவிட்டது, வாயில் வந்தது பாப்பா. சொல்லிவிட்டு ஓடிப் போய் வண்டியை எடுத்துவிட்டார்.

"ஏம்ப்பா, எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று அவள் வளர்ந்த பிறகு கேட்கும்போதெல்லாம் அவர் தலையைச் சொறிவார்.

"ரெண்டு வீட்டுக்காரங்களும் சண்டை போடாம ஒத்துக்கிட்ட பேரு அது ஒண்ணுதாம்மா. யாரு உன்னத் தூக்கினாலும் பாப்பான்னுதானே தூக்கினாங்க?"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அவளுக்கு அது ஆறவில்லை. அக்காவுக்கும் அண்ணனுக்கும் உட்கார்ந்து யோசித்துப் பெயர் வைத்தார்கள், தனக்குக் கையில் கிடைத்ததை எடுத்து ஒட்டிவிட்டார்கள் என்ற நினைப்பு அவளோடு சேர்ந்தே உயரமாக வளர்ந்தது. அவளால் ஓரிடத்தில் நிலையாக இருக்க முடியாது. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நிற்பாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தபடியே சாப்பிடுவாள். அவள் புருஷன் பேக்கரியில் வேலை செய்கிறவன், விடிவதற்கு முன்பே எழுந்து போகிற பிழைப்பு. "கால்ல சக்கரத்தை மாட்டிக்கிட்டே பொறந்தியா நீ?" என்று கேட்டுக்கொண்டே தூங்கிப் போவான்.

அவள் அசையாமல் இருக்கிற இடம் ஒன்று உண்டு. அது கிரேனின் உச்சியில் இருக்கிற கண்ணாடிக் கூண்டு. கட்டட வேலையில் சாமான் தூக்கும் லிஃப்டை இயக்கப் போனவள், பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதி, கோபுர கிரேன் ஓட்டுகிறவளாக ஆனாள். ஏணியில் ஏறிக் கூண்டுக்குள் உட்கார்ந்து இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தால் அவளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிற ஏதோ ஒன்று கொஞ்சம் நிற்கும். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொக்கியில் மாட்டிவிட்டால்கூடச் சிந்தாமல் இறக்குவாள் என்று வேலை செய்கிற இடத்தில் பேச்சு இருந்தது. கொஞ்சம் அதிகப்படியான பேச்சுதான், ஆனால் அவள் மறுத்ததில்லை.

அங்கே இரண்டு கிரேன்கள். இன்னொன்றை ஓட்டுகிற ஆளுக்கு மீசை என்று பெயர். இரண்டு பேருக்கும் வாக்கி-டாக்கியில் ஒரே அலைவரிசை. அதனால் இன்ஜினியர் ஒரு விதி வைத்திருந்தார். கீழே நின்று வழி சொல்கிற சிக்னல்காரன் முதலில் ஓட்டுகிறவரின் பெயரைச் சொல்ல வேண்டும், பிறகுதான் தூக்கு, இறக்கு, திருப்பு எல்லாம். தன் பெயர் காதில் விழாமல் யாரும் கைப்பிடியை அசைக்கக் கூடாது. நிறுத்தச் சொன்னால் மட்டும் யார் சொன்னாலும் இருவரும் நிறுத்திவிடுவார்கள். சுவருக்குப் பின்னால், பள்ளத்துக்குள், கண்ணுக்குத் தெரியாத இடங்களில் பாரத்தை இறக்கும்போது மேலே இருப்பவருக்கு அந்தக் குரல்தான் கண். குரல் தொடர்ந்து வந்தால் இறக்கலாம். குரல் நின்றால் கையும் நின்றுவிட வேண்டும்.

அவளுடைய சிக்னல்காரன் ஒல்லி. கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பெற்று, வயிறு லேசாகத் தள்ளிய பிறகும் அவன் ஒல்லிதான். நேரில் அவளை அக்கா என்பான். வாக்கியில் மட்டும், "பாப்பா, இறக்கு. இறக்கு. இறக்கு. மெதுவா. நிறுத்து." கீழே புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு மேலே அண்ணாந்து பார்ப்பார்கள். அவள் இறங்கி வந்ததும் வாயை மூடிக்கொள்வார்கள்.

இப்படியே போயிருக்கும். அவளுடைய மகள் ஒரு பொய் சொல்லாமல் இருந்திருந்தால்.

மகள் ஏழாம் வகுப்பு. புதிய பள்ளிக்கூடம். பெற்றோர் கூட்டத்துக்கு இவள் ஒரு பாதி நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். வகுப்பு டீச்சர் எழுந்து, வாய் நிறைய ஒரு பெயரைச் சொல்லி, "வாங்க, வாங்க. உங்களப் பத்தி நிறைய சொல்லியிருக்கா" என்றார். இவள் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். குட்டு வெளிப்பட்டுப் போன முகம் அது. காதுவரை சிவந்திருந்தது. இவள் அந்தப் பெயருக்கே தலையாட்டி, அந்தப் பெயரிலேயே மார்க்குகளைப் பற்றிப் பேசி, அந்தப் பெயரிலேயே விடைபெற்று வெளியே வந்தாள்.

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"பாப்பான்னு சொன்னா எல்லாரும் சிரிப்பாங்கம்மா."

தெருமுனைவரை வேக வேகமாக நடந்தாள். மகள் பின்னால் ஓடி வந்தாள்.

"கோவப்படாதம்மா. சும்மா வாயில வந்ததைச் சொல்லல. உன்ன மாதிரியே உயரமா ஒரு பேரு வேணும்னு ரொம்ப நாள் யோசிச்சு வெச்சேன்."

அவள் நின்றுவிட்டாள். ரொம்ப நாள் யோசித்து. அவளுக்காக உட்கார்ந்து யோசித்து ஒருவர் பெயர் வைத்திருக்கிறார், அதுவும் அவள் பெற்றதே வைத்திருக்கிறது. நடுத்தெருவில் அழுதால் நன்றாக இருக்காது என்பதால் மகள் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்துவிட்டு நடந்தாள்.

அன்று முதல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சட்டப்படி பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று தெரியும். இத்தனை வருஷம் செய்யாமல் இருந்ததற்குக் காரணம், மாற்றி என்ன வைப்பது என்று தெரியாததுதான். இப்போது தெரிந்துவிட்டது. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த வாரங்களில் வீட்டில் ஒருவரையும் நிம்மதியாக விடவில்லை. பாத்திரம் கழுவும்போது புதுப் பெயரைத் தனக்குத் தானே சொல்லிப் பார்ப்பாள். புருஷனை வாசலில் நிறுத்தி, உள்ளே இருக்கும் தன்னைக் கூப்பிடச் சொல்லுவாள். "நான் உன்ன இந்தான்னுதானே கூப்பிடறேன், எனக்கு என்ன வந்தது?" என்று அவன் மாவு ஒட்டிய கையோடு நெளிவான். இருந்தாலும் கூப்பிட்டான். அவளும் ஓடி வந்து, "என்ன?" என்று கேட்டாள்.

அனுமதி வந்தது. மறுநாள் காலை ஏணியில் ஏறுவதற்கு முன்பே ஒல்லியைப் பிடித்தாள்.

"இனிமே வாக்கியில என்னைப் புதுப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும்."

அவன் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். "நல்லாத்தான்க்கா இருக்கு. ஆனா நீளமா இருக்கே. நான் அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பாரம் தரையில உக்காந்துரும்."

"மீசைக்கு மட்டும் மரியாதை, எனக்கு இல்லையா?"

"மீசைன்னா மரியாதையாக்கா?"

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிடித்தால் பிடித்த பிடிதான். அன்று ஒல்லி பழக்க தோஷத்தில் "பாப்பா, இறக்கு" என்றபோது கம்பிக் கட்டு அப்படியே அந்தரத்தில் தொங்கியது. இன்னொரு தடவை சொன்னான். அசையவில்லை. கம்பி கட்டுகிறவர்கள், கொத்தனார்கள், தண்ணீர் வண்டிக்காரர் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஒல்லி புதுப் பெயரை முழுசாக, ஓர் எழுத்துகூட விடாமல் சொன்ன பிறகுதான் கம்பி இறங்கியது. இன்ஜினியர் கத்தினார். "இங்க வேலை நடக்குதா, விளையாட்டு நடக்குதா?" அவள் சட்டப்படி இதுதான் என் பெயர் என்றாள். தன் பெயரைக் கேட்காமல் கையை அசைக்கக் கூடாது என்று விதி போட்டதே அவர்தான். ஒல்லிதான் சமாதானம் செய்துவைத்தான். "விடுங்க சார், நான் பழகிக்கறேன்."

பழகியும் கொண்டான். மதிய இடைவேளையில் பீடியை அணைத்துவிட்டு, பாடம் படிக்கிற பிள்ளை மாதிரி அந்தப் பெயரை முணுமுணுத்துக்கொண்டிருப்பான். எப்போதாவது வாய் தவறிப் பழையது வந்துவிடும். அப்போதெல்லாம் மேலேயிருந்து வாக்கியில் ஒரு குரல் வரும். "எத்தனை தடவை சொல்றது?" கீழே எல்லாரும் சிரிப்பார்கள், ஒல்லி அசடு வழிவான். அந்த இடத்தில் அதுவே ஒரு வேடிக்கையாகிவிட்டது. அவளுக்கு அது வேடிக்கை இல்லை. இறங்கி வந்த பிறகும் அன்று எத்தனை பேர் எந்தப் பெயரைச் சொன்னார்கள் என்பது மனசுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். பெயர் மாறினால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். அடங்கவில்லை.

காற்று அடித்த ஒரு பிற்பகல். மாடிப்படிச் சுவருக்கான கான்கிரீட் பலகை ஒன்றை உள்பக்கத்தில் இறக்க வேண்டியிருந்தது. இறக்குகிற இடம் மேலேயிருந்து தெரியாது. முன்னால் எழும்பியிருந்த சுவர் மறைத்தது. ஒல்லி உள்ளே, தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பலகையில் கட்டிய கயிற்றை ஒரு கையிலும் வாக்கியை இன்னொரு கையிலும் பிடித்திருந்தான். முதலில் புதுப் பெயரைச் சொன்னான். பிறகு, "இறக்கு. இறக்கு. இறக்கு. இறக்கு." அவள் கை நூல் பிடித்தது போல இறக்கியது.

குரல் நின்றது. அவள் கையும் நின்றது. அதுவரை எல்லாம் விதிப்படிதான் நடந்தது.

அவள் காத்திருந்தாள். வாக்கி கரகரத்தது. பேச்சு போல ஏதோ தொடங்கி, பாதியில் அறுந்தது. காற்று பெரிதாக வீசிக் கூண்டை ஆட்டியது. பெயர் வரவில்லை. அவள் கைப்பிடியைத் தொட்டபடி அசையாமல் இருந்தாள். மறுபடியும் கரகரப்பு, மறுபடியும் ஒன்றுமில்லை. எவ்வளவு நேரம் என்று பிற்பாடு எல்லாரும் கேட்டார்கள், அவளால் சொல்ல முடியவில்லை. பிறகு தெளிவாக, மெலிதாக, ஒரே மூச்சில் வந்தது.

"பாப்பா, தூக்கு."

கை தூக்கிவிட்டது. அவள் யோசிக்கவே இல்லை. பலகை எழும்பிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய கை வாக்கியின் பொத்தானை அழுத்தியது, பாழாய்ப்போன வாய் கேட்டது.

"எத்தனை தடவை சொல்றது?"

இந்தத் தடவை கீழே யாரும் சிரிக்கவில்லை. சுவருக்குப் பின்னாலிருந்து ஆட்கள் ஓடுவதைப் பார்த்தாள். காற்றில் திரும்பிய பலகை ஒல்லியைத் தூணோடு வைத்து அழுத்தியிருந்தது. அவள் விதிப்படி நிறுத்தியதால் அது நசுக்கவில்லை, ஆனால் விலகவும் இல்லை. அவள் பெயருக்காகக் காத்திருந்த நேரமெல்லாம் அவன் அந்த அழுத்தத்தில்தான் நின்றிருந்தான். அவனை ஒரு ஸ்ட்ரெச்சரில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போவதை மேலேயிருந்து பார்த்தாள். பாரத்தைப் பத்திரமாக வெறுந்தரையில் இறக்காமல் அவள் கூண்டைவிட்டு இறங்க முடியாது. மீசை தன் கிரேனிலிருந்து வழி சொல்லச் சொல்ல அதை இறக்கினாள். பிறகுதான் ஏணியில் இறங்கினாள்.

விலா எலும்பு உடைந்திருக்கிறது, உயிருக்கு ஆபத்தில்லை என்று சாயங்காலம் தகவல் வந்தது. வீட்டில் அவள் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். புருஷன் காப்பி போட்டு வைத்தான், அது ஆறி ஆடை படிந்தது. நடந்ததைப் பற்றி அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு மகள் புத்தகத்தை மூடினாள்.

"நான் வெச்ச பேராலதானாம்மா?"

"உன் பேருல ஒரு தப்பும் இல்ல. அதை எங்க கேக்கணும், எங்க கேக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியல."

"அப்ப அந்தப் பேரு வேண்டாமா?"

"யாரு வேண்டாம்னா? நீ குடுத்தது, நான் ஏன் திருப்பித் தரணும்?" என்றாள் அவள், கொஞ்சம் சத்தமாகவே. மகள் நம்பினாளா என்று தெரியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒல்லி நெஞ்சைச் சுற்றிக் கட்டுப் போட்டுச் சாய்ந்து கிடந்தான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் மடிப்பதை நிறுத்தினாள்.

"வாங்க. உங்களுக்கு ஏதோ பேரு மாறியிருக்காமே. வீட்டுலகூட அதைச் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. எனக்கே மனப்பாடமாயிடுச்சு."

அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று இவளுக்குப் புரியவில்லை. குத்தல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அந்தப் பெண் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

இவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மன்னிப்பு கேட்கத்தான் வந்திருந்தாள். ஆனால் அவன் முந்திக்கொண்டான். பேசும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று மூச்சு வாங்கினான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். நீ தப்பா நெனச்சுட்ட."

"என்னடா?"

"முதல்ல புதுப் பேரைத்தான் சொன்னேன். ரெண்டு தடவை. பாதியிலேயே மூச்சு நின்னுடுச்சு. முடியலன்னதுக்கு அப்புறந்தான் பழையதைச் சொன்னேன்."

அவள் கம்பியை இறுகப் பிடித்தாள். அந்தக் கரகரப்பு. தொடங்கித் தொடங்கி அறுந்தது. நெஞ்சில் பலகை அழுத்திக்கொண்டிருக்கும்போது, மிச்சமிருந்த மூச்சை அவன் அவளுடைய மரியாதைக்குச் செலவு செய்திருக்கிறான். அதுவும் இரண்டு தடவை.

"இதையெல்லாம் இப்ப ஏன்டா சொல்ற?"

"நீ கோவமா கேட்டியே, எத்தனை தடவை சொல்றதுன்னு. அதுக்குத்தான் சொல்றேன்." அவன் சிரிக்கப் பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டான். "மறந்துட்டேன்னு நெனச்சுக்காதக்கா. மறக்கல."

அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. மறைக்க முயலவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவன் பதறிப் போனான்.

"அழாதக்கா. தண்ணி எடு. பாப்பாக்கா, அந்தத் தண்ணி..." என்றவன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, திருத்திச் சொல்லப் புதுப் பெயரின் முதல் எழுத்தை எடுத்தான். நெஞ்சுக் கட்டு விம்மியது. இருமல் வந்தது.

அவள் குனிந்து அவன் வாயைக் கையால் மெல்லப் பொத்தினாள்.

"முழுசாச் சொல்லாதடா. வலிக்கும்."